ஆஸ்பிரின் பிரஷர் மாத்திரை கிடையாது, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நலவாழ்வுப் பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டி ஒரு துணுக்குப் போட்டிருந்தீர்கள். தினமும் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் ரத்தம் இளகும், அதனால் பிரஷர் இறங்கும், உடம்பில் எதிர்ப்பு சக்தியும் கூடும் என்று. எத்தனை மில்லிகிராம், யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தொரு வருஷம் அரசு மருத்துவமனை ஜன்னலில் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுத்தவன் நான், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது, இன்னமும் தெருவில் யாருக்கு மாத்திரையில் சந்தேகம் வந்தாலும் அட்டையோடு எங்கள் திண்ணைக்குத்தான் வருவார்கள். திங்கட்கிழமை காலையில் மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேர் கையிலும் உங்கள் பேப்பர். அதில் ஒருவர் ஏற்கெனவே மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கிவிட்டார், அதுவும் 150. ஏன் 150 என்று கேட்டால், "75 ஸ்டாக் இல்லைன்னாங்க சார், இது இன்னும் பவர்தானே" என்கிறார்.

அந்த "இன்னும் பவர்" என்ற பேச்சில்தான் கோளாறே இருக்கிறது. பல மருந்துகளில் அளவைக் கூட்டினால் அதே வேலை கொஞ்சம் கூடுதலாக நடக்கும். ஆஸ்பிரினில் அளவைக் கூட்டினால் வேலையே வேறாகிவிடும்.

75 மில்லிகிராம் உள்ளே போனால் என்ன நடக்கிறது? மாத்திரை கரைந்து, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் இறங்கும்போதே, அங்கே ஓடிக்கொண்டிருக்கிற பிளேட்லெட்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. டெங்கு சீசனில் லட்சக்கணக்கில் எண்ணுகிறோமே, அதே பிளேட்லெட்தான். அதற்குள் இருக்கிற ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. பிளேட்லெட்டுக்கு உட்கரு கிடையாது, அந்த நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது, ஆகவே அதன் ஆயுள் முடிகிற ஏழு முதல் பத்து நாள்வரைக்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற திறன் குறைந்தபடியேதான் திரியும். மிச்சமுள்ள ஆஸ்பிரினில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் உடைத்துவிடும். தப்பி வெளியே வருவதும் இருபது நிமிஷத்துக்குள் பாதியாகக் குறைந்துபோகும். அதனால்தான் இத்தனை சின்ன அளவு பிளேட்லெட்டை மட்டும் அடித்துவிட்டு, கிட்னி, மூளை, மூட்டு இதையெல்லாம் அதிகம் தொந்தரவு செய்யாமல் போய்விடுகிறது. "ரத்தம் இளகுது" என்று நாம் சொல்வதெல்லாம் பேச்சு வழக்குத்தான். ரத்தம் தண்ணியாகப் போவதில்லை, கட்டி உறைவது குறைகிறது. குழாய்க்குள் இருக்கிற அழுத்தம் 160 என்றால் மாத்திரை போட்ட பிறகும் 160தான்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 1998-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 26 நாடுகளில் ரத்தக்கொதிப்பு உள்ள 18,790 பேரைச் சேர்த்துக்கொண்டு, அவர்களில் பாதிப்பேருக்குத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் மீதிப்பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தது. மாரடைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பக்கவாதம் குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவுகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், அந்த ஆய்வில் எல்லோருக்குமே முறையான பிரஷர் மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கியிருந்தார்கள். 180-ல் நிற்கிற ஆள், பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு உங்கள் கட்டத்தைப் பார்த்து ஆஸ்பிரினைப் போட்டால், மூளையில் சின்னதாக ஒரு குழாய் கசிந்தாலும் அடைப்பதற்குப் பிளேட்லெட் சரியாக வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சரி, அளவு ஏறினால்? ஒரு தடவைக்கு 300, 325, 600 என்று தலைவலிக்கும் உடம்புவலிக்கும் போடுகிற அளவுக்கு வந்து, அதையும் நாளைக்கு மூன்று நாலு வேளை என்று ஆக்கினால், மருந்து உடம்பு முழுக்கப் பரவும். கிட்னியில் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு சுரப்பு இருக்கிறது, அங்கே உள்ள ரத்தக்குழாய்களை விரித்துவைத்து உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ள உதவுவது அதுதான். பெரிய அளவு ஆஸ்பிரின் அதைக் குறைத்துவிடும். உப்பு தங்கும், தண்ணீர் தங்கும், பிரஷர் ஏறும். எனலாப்ரில், லோசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரைகளும், "நீர் பிரிய" கொடுக்கிற மாத்திரைகளும் சரியாக வேலை செய்யாமல் போகும். ஆஸ்பிரினின் சொந்தக்காரர்களான டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இன்னும் மோசம், மூட்டுவலிக்காக மெடிக்கலில் "ஒரு செட்" வாங்கிப் போடுகிறோமே, அதில் அநேகமாக இவற்றில் ஒன்று இருக்கும்.

இதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை, என் சொந்த அண்ணனே இருக்கிறார். லோசார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிட்டு 130-க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தவர். ஒரு தீபாவளிக்குப் பிறகு தலைவலி என்று ஆரம்பித்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஆஸ்பிரின் மாத்திரையைக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று பழக்கமாக்கிக்கொண்டார். பிரஷர் ஏறியது. ஏறியதால்தான் தலைவலி என்று நினைத்து இன்னும் ஒன்று போட்டார். மருத்துவர் பிரஷர் மருந்தைக் கூட்டினார், வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை, "அது தலைவலி மாத்திரைதானடா, அதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்வாங்களா" என்று பிற்பாடு என்னிடமே கேட்டார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கணுக்கால் வீங்கியிருந்தது, நானும் பயணக் களைப்பு என்று விட்டுவிட்டேன். தை கடைசியில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஹீமோகுளோபின் ஏழு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பியில் வயிற்றுப் புண்ணைப் பார்த்து, ஆஸ்பிரினை நிறுத்திய பிறகு, கூட்டிய பிரஷர் மருந்தைப் பழைய அளவுக்கே குறைக்க முடிந்தது. முப்பத்தொரு வருஷம் மருந்து கொடுத்தவனின் அண்ணன்! எனக்கு வெட்கம்தான், எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் செய்தவர்களும் ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பால் பக்கவாதமோ வந்தவர்களும் தயவுசெய்து ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு அது உயிர் காக்கிற மாத்திரை, மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது. 1988-ல் வெளியான இன்னொரு ஆய்வில், மாரடைப்பு வந்ததாகச் சந்தேகப்பட்ட 17,187 பேரில், 160 மில்லிகிராம் சொச்சம் ஆஸ்பிரினைத் தினமும் ஒரு மாதத்துக்குச் சாப்பிட்டவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் 23 சதவீதம் குறைந்தன. நம் மாநிலத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் "இதயம் காப்போம்" திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு உடனடியாகக் கொடுக்கிற மாத்திரைகளில் குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடினோடு ஆஸ்பிரினும் இருப்பது இதனால்தான். அதைப் போய்த் தவறு என்று யாரும் சொல்லவில்லை.

சிக்கல் எனக்கும் உங்களுக்கும்தான், அதாவது இதயத்தில் ஒன்றுமில்லாமல், வயசாகிவிட்டது, பிரஷர் இருக்கிறது, முன்ஜாக்கிரதையாக ஒன்று போட்டுக்கொள்வோம் என்று நினைக்கிறவர்களுக்கு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயது தாண்டிய 19,114 பேருக்கு 100 மில்லிகிராமை வருஷக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள், 2018-ல் முடிவு வந்தது. இதயநோய் குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவு நூற்றுக்கு 2.8 பேரிலிருந்து 3.8 பேராக உயர்ந்தது. 2022-ல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புக் குழு, இதயநோய் இல்லாதவர்கள் 60 வயதுக்கு மேல் புதிதாக ஆஸ்பிரின் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. உங்கள் துணுக்கை எழுதியவர் எந்த வருஷத்துப் பழைய தாளைப் பார்த்து எழுதினாரோ.

ராத்திரி படுக்கும்போது போட்டால் பிரஷர் இறங்கும் என்று ஒரு பேச்சு உண்டு, திண்ணைக்கு வந்தவர்களில் ஒருவர் அதையும் கேட்டார். ஸ்பெயினில் ஒரு குழு அப்படிக் கண்டதாக எழுதியது உண்மைதான். அப்புறம் நெதர்லாந்தில் 290 பேருக்கு 100 மில்லிகிராமைக் காலையிலும் ராத்திரியிலும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தபோது பிரஷரில் வித்தியாசம் இல்லை. விடியற்காலையில் பிளேட்லெட்டின் துடிப்பு கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரே ஓரிடத்தில் ஆஸ்பிரினுக்கும் ரத்தக்கொதிப்புக்கும் நேரான உறவு இருக்கிறது, அதை நீங்கள் எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன். கர்ப்ப காலத்தில் இருபது வாரம் தாண்டி பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, முகமும் கையும் வீங்கி, முற்றினால் ஜன்னி கண்டு தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகிற வியாதி, பிரீஎக்ளாம்ப்சியா என்பார்கள். அதன் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. நஞ்சுக்கொடியில் பாதி அப்பாவின் சரக்கு, தாயின் உடம்புக்கு அது பாதி அந்நியம், தாயின் எதிர்ப்பு அணுக்கள் அதைத் துரத்தாமல் ஏற்றுக்கொண்டு, கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த ஒத்துழைப்பு சரியாக அமையாதபோது குழாய்கள் குறுகலாகவே நின்று, நஞ்சுக்கொடி பட்டினி கிடந்து, அதிலிருந்து வெளியேறுகிற பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்கள் முழுவதையும் கெடுக்கின்றன. ரத்தக்குழாயைச் சுருக்கி உறைய வைக்கிற திராம்பாக்ஸேன் கூடிப்போகிறது, விரிக்கிற புரோஸ்டாசைக்ளின் குறைந்துபோகிறது. சின்ன அளவு ஆஸ்பிரின் முதலாவதைத்தான் அதிகம் அடக்கும்.

2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த ஆபத்து அதிகம் உள்ளவர்களாகக் கண்டறிந்த 1,776 பெண்களில் பாதிப்பேருக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் ஆரம்பித்து 36-ஆம் வாரம் வரை ராத்திரியில் 150 மில்லிகிராம் கொடுத்தது. மாதம் நிறைவதற்கு முன்பே இந்த வியாதி வந்தவர்கள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தார்கள். உலக சுகாதார அமைப்பு 75 என்கிறது, அமெரிக்காவில் 81 கொடுக்கிறார்கள். அது என்ன 81 என்று கேட்பீர்கள், அவர்களுடைய பழைய ஐந்து கிரெய்ன் மாத்திரை 325 மில்லிகிராம், அதில் கால்வாசி. இங்கே பல மகப்பேறு மருத்துவர்கள் 150 எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே ஏறிவிட்ட பிரஷரை இது இறக்காது, 12-ஆம் வாரத்தை ஒட்டி ஆரம்பித்தால் வராமல் தடுக்க உதவும், அதுவும் ஆபத்து உள்ளவர்களுக்கு.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம் இந்தக் காரணத்தாலேயே எட்டாம் மாதத்தில் ஆபரேஷனாகிப் போனது. இரண்டாவது தங்கியதும் மருத்துவர் 150 எழுதிக்கொடுத்தார். மாமியாரம்மா மெடிக்கலில் விசாரித்திருக்கிறார், "இது ஹார்ட் பேஷண்ட் போடறதும்மா" என்று யாரோ சொல்லிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைத்தாய்ச்சிக்கு இதயநோய் மாத்திரை என்றால் யாருக்குத்தான் பயம் வராது. இரண்டு வாரம் கழித்து மருமகள் அழுதுகொண்டே வந்து என்னிடம் சொன்னாள், நான் போய் மாமியாரிடம் மேலே எழுதியதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதைப் பிள்ளைத்தாய்ச்சி மாத்திரைன்னு அட்டையிலேயே எழுதிவைக்கலாமில்ல?" என்றார். நியாயமான கேள்வி.

இனி எதிர்ப்பு சக்தி. உங்கள் துணுக்கில் எனக்கு அதிகக் கோபம் வந்த இடம் இது. ஆஸ்பிரின் எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிற டானிக் கிடையாது. காய்ச்சல் என்பதே உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது மூளையில் புரோஸ்டாகிளாண்டின் ஏற்றிவைக்கிற சூடு. 300, 600 அளவில் ஆஸ்பிரின் அதைத் தணிக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. இன்னும் ஏற்றி நாளைக்கு மூன்று நாலு கிராம் கொடுத்தால் வீக்கத்தையும் அழற்சியையும் அடக்கும், ருமாட்டிக் காய்ச்சலுக்கும் மூட்டு வாதத்துக்கும் அந்தக் காலத்தில் அப்படித்தான் கொடுத்தார்கள். காதுக்குள் "ங்ஙொய்" என்று சத்தம் கேட்கிறவரை கூட்டிக்கொண்டே போய், கேட்டதும் கொஞ்சம் குறைத்து நிறுத்துவது பழைய மருத்துவர்களின் அளவுகோல். எதிர்ப்புச் சக்தியை அங்கே கூட்டவில்லை, தறிகெட்டுப் போனதை அடக்கிவைத்தார்கள். 1918 ஃபுளூ கொள்ளைநோயின்போது நாளைக்கு 8 முதல் 31 கிராம் வரை கொடுக்கச் சொல்லிப் பரிந்துரைகள் இருந்தன, அந்தச் சாவுகளில் ஒரு பங்கு ஆஸ்பிரின் விஷத்தால் நேர்ந்திருக்கலாம் என்று 2009-ல் ஒரு மருத்துவர் கட்டுரையே எழுதினார். கொரோனாவிலும் இதைப் பார்த்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த 14,892 பேரில் ஒரு பாதிக்கு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள், இரண்டு பக்கத்திலும் 28 நாளைக்குள் இறந்தது 17 சதவீதம். ஆயிரம் பேருக்கு ஆறு பேர் ரத்த உறைகட்டியிலிருந்து தப்பினார்கள், இன்னொரு ஆறு பேருக்குக் கூடுதலாகப் பெரிய ரத்தக்கசிவு வந்தது. கணக்கு நேராகிவிட்டது.

2025-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சி சுவாரசியமானது, உங்கள் துணுக்குக்கு மூலமே அதுதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிளேட்லெட்டிலிருந்து வருகிற அதே திராம்பாக்ஸேன், டி அணுக்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைக் கட்டிப்போடுகிறதாம், ஆஸ்பிரின் கொடுத்தால் கட்டு அவிழ்ந்து, பரவப் பார்க்கிற புற்று அணுக்களை அவை தாக்குகின்றனவாம். எலிகளில். மனிதர்களில் என்றால், மேலே சொன்ன 19,114 பேர் ஆய்வில் ஆஸ்பிரின் சாப்பிட்ட முதியவர்களிடம் புற்றுநோய்ச் சாவு கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரிந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கத் தெரியாதவர்கள் "எதிர்ப்பு சக்தி கூடும்" என்று மூன்று வார்த்தையில் எழுதக் கூடாது.

டெங்கு காலத்தில் இப்படி எழுதியதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. டெங்குவில் பிளேட்லெட் ஏற்கெனவே குறையும், இருப்பதையும் ஆஸ்பிரின் முடக்கும். என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை பாரசிட்டமால் மட்டும்தான். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஃபுளூவிலோ அம்மையிலோ ஆஸ்பிரின் கொடுத்தால் ரேய் நோய் என்று கல்லீரலும் மூளையும் கெடுகிற ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1980-ல் 555 பிள்ளைகளுக்கு வந்தது, பெற்றோரை எச்சரித்த பிறகு 1994-லிருந்து வருஷத்துக்கு ஒருவர் இருவர்தான். ரத்தக்குழாய்களில் அழற்சி வருகிற கவாசாகி நோய்க்குக் குழந்தைகளுக்குக் கொடுப்பது மருத்துவர் பார்வையில் நடப்பது, அது வேறு. ஆஸ்துமாக்காரர்களில் சிலருக்கு, முக்கியமாக மூக்கில் சதை வளர்கிறவர்களுக்கு, ஒரே மாத்திரையில் மூச்சு அடைத்துக்கொள்ளும்.

ஆகவே ஒரு திருத்தம் போடுங்கள், ஆசிரியரே. அதே பக்கத்தில், அதே மூலையில், அதே அளவுக் கட்டத்துக்குள், இந்தத் தடவை மில்லிகிராமோடு. 150 அட்டை வாங்கியவருக்கு என் கருவியில் பிரஷர் பார்த்தேன், 172/104. இதுவரை பிரஷருக்கென்று ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லையாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன், அம்லோடிபின் கொடுத்திருக்கிறார்கள். அட்டையை மெடிக்கலில் திருப்பி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்களாம், இப்போது அது என் மேஜை இழுப்பறையில் உங்கள் பேப்பர் துணுக்கோடு சேர்ந்து கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
மன்னார்குடி